சரசுவைத் தேடிய ஆன்டெனா

போன வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் நாத்தனார் சரசு டிவியில் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டிவி படுத்துவிட்டது.

பெட்டியின் மேல் குற்றமில்லை. பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டினார்கள். தோண்டிய இயந்திரம் மண்ணோடு சேர்த்து கேபிள் ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் வாரிக்கொண்டு போனது. கேபிள்காரரைக் கேட்டால், பள்ளத்தை மூடினால்தான் ஒயர் இழுக்க முடியும் என்கிறார். பள்ளக்காரர்களைக் கேட்டால், குழாய் வந்தால்தான் மூட முடியும் என்கிறார்கள். குழாய் எப்போது வரும்? அதைக் குழாயிடம்தான் கேட்க வேண்டும்.

"ஏன், செல்போனில் பார்க்கலாமே..." என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. பார்க்கலாம்தான். ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். மாலையானால் போனில் படம் வராது, வட்டம்தான் சுற்றும். தெருவில் டிஷ் வைத்த வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டு அம்மாளுக்கும் சரசுவுக்கும் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் ஆரம்பித்த தகராறு, இன்று வரை பேச்சுவார்த்தை இல்லை. அங்கே போய் உட்கார்ந்து தன் முகத்தைப் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று சரசு சொல்லிவிட்டாள்.

சரசு யார், டிவியில் அவளுக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஏகாம்பரத்தின் தங்கை. அவளுடைய கணவர் தவறிய பிறகு எங்களோடு வந்து மாடி அறையில் தங்கியவள். இப்போது ஊரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறாள். காலையில் மைதானத்தில் அவள் போடும் "பிரேக்கப் புடிமா!" சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்கும். சைக்கிள்கூட ஏறியிராத பூக்காரம்மாக்கள் அவளிடம் கற்றுக்கொண்டு இன்று பஸ்ஸுக்கே ஹாரன் அடிக்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டு அரசுத் தொலைக்காட்சியின் தமிழ் சேனலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெண்கள் நிகழ்ச்சிக்காக அவளைப் பேட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அப்போது ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தேன். அங்கேதான் வினை.

ஏனென்றால், எங்கள் வீட்டில் நெடுங்காலமாக ஒரு வழக்கு நடக்கிறது. சரசுவுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான்! என்னுடைய வண்டியில், என்னுடைய பெட்ரோலில், என்னுடைய முழங்கால் சிராய்ப்பில் கற்றுக்கொண்டாள். சரசுவைக் கேட்டால் கதையே வேறு. "நானாத்தான் கத்துக்கினேன். அண்ணி கத்திக்கினு இருந்தாங்க, அவ்ளோதான்." இதை என் எதிரிலேயே, என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

டிவிக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலா இருந்திருப்பார்கள்? "நீங்கள் யாரிடம் கற்றீர்கள்?" கேட்டார்களாம். என்ன பதில் சொன்னாய் என்று நானும் துருவித் துருவிப் பார்த்தேன். "போடும்போது பாருங்க அண்ணி" என்று நழுவினாள். தெருவில் ஒயர் அறுந்ததும் அந்தப் பதிலும் மாறியது. "போனாப் போவுது வுடுங்க அண்ணி. ஒரு டிவி தான..."

எனக்குச் சுருக்கென்றது. நாடறிய என் பெயரைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறாள்! எப்பாடுபட்டாவது பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் அலமாரியில் கிடந்த டியூனர் ஞாபகம் வந்தது. பார்ப்பதற்கு பென்டிரைவ் மாதிரிதான் இருக்கும். ஒரு முனையை கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. ஓட்டையில் செருகி, மறுமுனையில் ஆன்டெனா ஒயரைச் சொருக வேண்டும். அரசுத் தொலைக்காட்சி கோபுரம் வைத்து வானத்தில் இலவசமாக அனுப்புகிற டிஜிட்டல் சேனல்களைப் பிடித்து கம்ப்யூட்டர் திரையில் காட்டும். கேபிள் வேண்டாம், டிஷ் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். எப்போதோ சென்னை ரிச்சி தெருவில் ஆசைப்பட்டு வாங்கிய பொருள். வாங்கிய அன்றே அலமாரிக்குப் போய்விட்டது.

ஏன் போனது? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கம்ப்யூட்டர் கதை தெரியும். வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவள் நான். என் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். உலகத்தில் யார் யாரோ எழுதி, 'எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள்' என்று எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம். கோயில் அன்னதானம் மாதிரி. வயிறு நிறையும், காசு கேட்க மாட்டார்கள். ஆனால் உப்பு குறைந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

டியூனரோடு ஒரு குட்டி சிடி கொடுத்திருந்தார்கள். அது காசு கொடுத்து வாங்குகிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மட்டும்தான் ஒத்துவரும். லினக்ஸ் என்ற வார்த்தையே டப்பாவில் இல்லை. 'புது செட்டாப் பாக்ஸ் ஒன்று வாங்கிவிடலாமே' என்று என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். அவரை ஒரு பார்வை பார்த்தேன். எழுந்து போய்விட்டார்.

டியூனரைச் செருகினேன். சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. ஆஹா! டிவி பார்க்கும் சாப்ட்வேரைத் திறந்தேன். 'கருவி எதுவும் இல்லை' என்றது. விளக்கு எரிகிறதே என்றேன். மறுபடியும் அதையே சொன்னது.

லினக்ஸில் ஒரு நல்ல குணம், என்ன கோளாறு என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கும். தேடிப் படிக்கத்தான் பொறுமை வேண்டும். டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து அது எழுதிய குறிப்பைப் பார்த்தேன். கருவியை அடையாளம் தெரிகிறதாம். ஆனால் அதை இயக்க அதற்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற ஃபைல் கம்ப்யூட்டரில் இல்லையாம். மாப்பிள்ளை வந்தாயிற்று, தாலியைக் காணோம் என்கிற கதை.

மொட்டை மாடியில் ஒரு மூலையில் காலை வேளையில் மட்டும் போன் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று இன்டர்நெட்டில் தேடினேன். எந்த நாட்டிலோ ஒருவர், இதே டியூனர், இதே கோளாறு என்று பல வருடங்களுக்கு முன்பே புலம்பியிருந்தார். ஆவலோடு கீழே நகர்த்தினேன். அவரே மறுநாள் எழுதியிருந்தார்: 'சரி செய்துவிட்டேன், நன்றி.' எப்படிச் சரி செய்தாய் மகனே? அதைச் சொன்னால் குறைந்தா போவாய்?

இன்னும் கொஞ்சம் தோண்டியபோது ஒரு புண்ணியவான் ஃபைலையும் வைத்து, எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். போட்டேன். டியூனரைப் பிடுங்கிச் செருகினேன். கறுப்பு ஜன்னலில் 'தயார்' என்கிற மாதிரி ஒரு வரி வந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 'சரசு, வந்துடுச்சு!' என்று கத்தினேன்.

சரசு கீழே இறங்கி வந்தாள். திரையைப் பார்த்தாள். சேனல் எதுவும் இல்லை, எழுத்து மட்டும்தான் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் நிம்மதி. கேட்காமலே எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்டு! எங்கள் வீட்டில் இஞ்சி டீ விசேஷ நாளில் மட்டும்தான். என் சந்தேகம் உறுதியானது.

அடுத்தது சேனல் தேடும் படலம். தேடு என்று சொல்லிவிட்டு சாம்பார் தாளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அது மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தது, ஜெர்மனியில்! எந்த நாடு என்று சொல்லாவிட்டால் அந்த சாப்ட்வேர் தானாக ஜெர்மனி என்று எடுத்துக்கொள்ளுமாம். எழுதியவர் ஜெர்மனிக்காரராக இருப்பார். அவரவர்க்கு அவரவர் ஊர்! இந்தியா என்று திருத்தினேன். தேடியது... தேடியது... சேனல் பூஜ்யம்.

டப்பாவோடு வந்த ஆன்டெனா ஊதுவத்தி உயரம்தான். சென்னையிலிருந்து கிளம்புகிற சிக்னலை காஞ்சிபுரத்தில் பிடிக்க அது போதுமா? மாடியில் மீன்முள் மாதிரி இருக்குமே, அந்தப் பெரிய ஆன்டெனா வேண்டும். என் கணவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரேடியோ கடையில் தூசி தட்டி ஒன்று வாங்கி வந்தார். மாடியில் கம்பம் நட்டார். ஒயரைக் கீழே இறக்கினார். ஒயர் எட்டவில்லை. வீட்டில் கிடந்த பழைய ஒயர்த் துண்டை அதோடு சேர்த்துவிட்டதாகச் சொன்னார்.

இங்கே என் கணவரின் தொழிலைச் சொல்ல வேண்டும். அவர் பாவு பிணைப்பவர். பட்டுத் தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடுகிற இழைகள், முடிகிற சமயத்தில், புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவது அவர் வேலை. எங்கே சேர்த்தார் என்று நெய்கிறவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட கை. அவர் ஒயரைச் சேர்த்திருக்கிறார் என்றால் நான் போய்ச் சரிபார்ப்பேனா?

பார்க்கவில்லை. அதனால் பழியெல்லாம் லினக்ஸ் மேல் விழுந்தது. தேடினேன், பூஜ்யம். வேறொரு சாப்ட்வேர் போட்டேன், பூஜ்யம். ஃபர்ம்வேரை அழித்து மறுபடி போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி இயக்கினேன். சிக்னல் காட்டுகிற கோடு தரையோடு படுத்தே கிடந்தது. ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்து ஆட்டிய காலத்தில்கூட இதைவிட நன்றாகத் தெரிந்ததே! ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் சரசுவிடமிருந்து ஒரு இஞ்சி டீ வந்தது. புதன்கிழமை வடையே வந்துவிட்டது.

"உங்க கண்ணு கெட்டுடும் அண்ணி. வுட்டுடுங்களேன்" என்றாள். என் கண் மேல் அவளுக்கு இவ்வளவு அக்கறை இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை துணி உலர்த்த மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவர் மேல் ஆன்டெனா ஒயர் போகிற இடத்தில் ஏதோ பளபளவென்று மின்னியது. குனிந்து பார்த்தேன். இரண்டு ஒயரும் சேர்கிற இடம். உள்ளே இருக்கிற செம்புக் கம்பியைச் செம்புக் கம்பியோடு, வெளியே இருக்கிற வலையை வலையோடு அழகாக முறுக்கியிருந்தார். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டுமா இல்லையா? அவர் சுற்றியிருந்தது... ஜரிகை!

தறியில் மிஞ்சிய ஜரிகைத் துண்டு. நெருக்கமாக, இடைவெளி இல்லாமல், பட்டுப் புடவை முந்தானை மாதிரி மினுமினுப்பாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். கோபத்திலும் எனக்கு அதைப் பிரிக்க மனம் வரவில்லை, அவ்வளவு அழகு.

ஜரிகை என்றால் பட்டு நூல் மேல் சுற்றிய வெள்ளித் தகடு. வெள்ளி, மின்சாரத்தைக் கடத்துவதில் மன்னன். உள்கம்பியும் வெளிவலையும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இவர் இரண்டுக்கும் வெள்ளியில் பாலம் கட்டி வைத்திருக்கிறார். சென்னையிலிருந்து தட்டுத் தடுமாறி வந்த சிக்னல் அங்கேயே கதை முடிந்துபோகிறது. நான் கீழே ஜெர்மனிக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்!

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டேப் தேடினாராம், கிடைக்கவில்லையாம். கைக்குக் கிடைத்தது இதுதானாம். விஷயத்தை விளக்கியதும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ ஜரிகை ஒரிஜினல்னு சொல்லு. கடைக்காரர் மேல எனக்கு ஒரு டவுட்டு இருந்துச்சு."

போலி ஜரிகையில் இருக்கிற செம்பும் கடத்துமே என்று சொல்ல வாயெடுத்தேன். மனுஷர் சந்தோஷப்படுகிறார், படட்டும் என்று விட்டுவிட்டேன். பாருங்கள், வேறு எந்த ஊரிலாவது ஆன்டெனா ஒயரை வெள்ளியால் கட்டிக் கெடுப்பார்களா? ஏழை ஊர்க்காரர்கள் சணல் கட்டியிருந்தால் அன்றைக்கே படம் தெரிந்திருக்கும்.

ஒட்டே இல்லாமல் ஒரே நீளமாகப் புது ஒயர் வாங்கி வந்தார். மாட்டியதும் தரையில் கிடந்த கோடு எழுந்து உட்கார்ந்தது. தேடச் சொன்னேன். ஒன்று, இன்னொன்று என்று சேனல்கள் வரிசையாக வந்து விழுந்தன. தமிழ் சேனலைத் தொட்டேன். படம்! மாடு வளர்ப்பு பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அந்த மாட்டை நான் பார்த்த மாதிரி யாரும் ஒரு மாட்டை அன்போடு பார்த்திருக்க மாட்டார்கள்.

படியில் இறங்கி வந்த சரசு மாட்டைப் பார்த்தாள். திரும்பி மாடிக்கே போய்விட்டாள். அன்று டீ வரவில்லை.

மூன்றரை மணிக்கெல்லாம் சரசுவின் மாணவிகள் ஹெல்மெட்டும் கையுமாக வந்து கூடம் நிறைய உட்கார்ந்தார்கள். பத்திரிகை டிசைன் செய்கிற பெரிய திரையைக் கூடத்துக்குத் திருப்பி வைத்தேன். மூன்றே முக்காலுக்குக் காற்று கிளம்பியது. மாடியில் ஆன்டெனா தலையை ஆட்ட ஆரம்பித்தது. திரையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் கணவர் எழுந்தார். மாடிக்குப் போய்க் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர் பஸ் போகிற திசைக்குக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். கட்டங்கள் ஒன்று சேர்ந்து படமாயின. அவர் கையை எடுத்தால் மறுபடி கட்டம். "நீ பாரு, நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. தங்கை டிவியில் வருகிற அன்று அண்ணன் மாடியில் கம்பம் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வேறு வழி?

நான்கு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பித்தது. நீலப் புடவையில் சரசு! கூடத்தில் ஒரே கைதட்டல். நிஜச் சரசு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். மாணவிகளில் ஒருத்தி, ஸ்டெல்லா என்ற நர்ஸ், கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. மைதானம், வண்டி, விழுந்து எழுந்த பெண்கள் என்று பேட்டி ஓடியது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

திரையில் சரசு சொன்னாள்:

"எங்க அண்ணிங்க. வூட்டுக்காரர் போனப்புறம் நான் ரூமை வுட்டே வெளிய வர மாட்டேன். அண்ணிதான் சாவியக் கையில குடுத்து ஓட்டுன்னாங்க. பயமா இருக்குதுன்னேன். பின்னாடி ஏறி உக்காந்துக்கினு, வுழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வுழலாம், ஓட்டுன்னாங்க. ரெண்டு பேரும் வுழுந்தோம். அவங்களுக்குத்தான் அடி ஜாஸ்தி. மறுநாளும் வந்து ஏறிக்கினாங்க."

அப்படிச் சொன்னேனா? எனக்கு நினைவே இல்லை. முழங்கால் சிராய்ப்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம், ஜலதோஷம் என்றெல்லாம் சாக்குச் சொல்லப் போவதில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

அவள் ஏன் இதை மறைக்கப் பார்த்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷம் விட்டுக்கொடுக்காமல் நடத்திய வழக்கு! ஊரார் கேட்கிற இடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம். வீட்டில் ஒரே அடுப்பில் சமைக்கிற மனுஷியின் முகத்துக்கு நேரே சொல்வதுதான் கஷ்டம். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே? மேடை கிடைத்தால் மனைவியைப் புகழ்வோம், மாமியாரைக்கூடப் புகழ்வோம். கூடத்தில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது.

நிகழ்ச்சி முடிந்தது. என் கணவர் கையை உதறிக்கொண்டே இறங்கி வந்தார். உள்ளங்கையெல்லாம் கம்பத்துத் துரு. ஒரு நொடி படம்கூடப் பார்க்காதவர், ஆவலோடு தங்கையைக் கேட்டார்.

"யாரு கத்துக்குடுத்ததுன்னு கேட்டாங்களாமே? இன்னா சொன்ன?"

சரசு என்னைப் பார்க்கவில்லை. தம்ளர்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே, குரல் பிசிறாமல் சொன்னாள்.

"இன்னா சொல்றது? நானாத்தான் கத்துக்கினேன்னு சொன்னேண்ணா."

நான் வாக்குவாதம் செய்யவில்லை. மாடியில் நிற்கிற மனுஷர் அப்புறம் பார்க்கட்டும் என்று, நான்கு மணிக்கே ரெக்கார்டு பட்டனை அழுத்தியிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, சத்தத்தை முழுசாக ஏற்றினேன்!